பன்னிரண்டு கிலோ

கணேசை ஜிம்மில் கொண்டுபோய்த் தள்ளியவன் நான்தான் என்று ஹந்தானை ஓட்டோ ஸ்டாண்டில் இன்றைக்கும் பேசுகிறார்கள். தள்ளவில்லை ஐயா, ஏற்றிக்கொண்டு போனேன். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று எத்தனை பேரிடம் மல்லுக்கட்டுவது? ஓட்டோக்காரன் வாயைத் திறந்தால் கதை விடுகிறான் என்பார்கள். மூடிக்கொண்டிருந்தால் திருட்டு முழி முழிக்கிறான் என்பார்கள். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். என் பிழை எங்கே இருக்கிறதோ அதையும் ஒளிக்கப்போவதில்லை.

என் பெயர் சேதுராமன். கணேஸ் எங்களுக்கு அடுத்த லயத்துக்காரன், தோட்டத்து வரிசை வீடுகளில் பக்கத்து வரிசை. வயது நாற்பத்திரண்டு. கண்டி மொத்தச் சந்தையில் பதினாறு வருஷம் நாட்டாமை வேலை பார்த்தவன். இங்கே நாட்டாமை என்றால் ஊர்ப் பெரியவர் இல்லை, லொறியிலிருந்து மூட்டை இறக்குகிறவர். வெங்காயம், கிழங்கு, மா, சீனி எல்லாம் அவன் முதுகில் ஏறித்தான் கண்டிக் கடைகளுக்குப் போயின. ஆறு வருஷத்துக்கு முன் ஓர் அரிசிக் கடையில் ஸ்டோர் பார்க்கிற வேலை கிடைத்தது. தூக்கினவன் கதிரையில் உட்கார்ந்தான். வயிறு மட்டும் பழைய வேலையிலேயே இருந்தது. விடிந்ததும் அரைப் பாணும் பருப்பும் கட்டச்சம்பலும், பகலுக்கு ஒரு குவியல் சோறு, பொழுது சாய்ந்தால் ரொட்டி நாலு. ஆள் தொண்ணூற்று நாலு கிலோவுக்கு வந்துவிட்டான்.

அவன் மனைவி நிஷாந்தினி எதிர்ப்பக்கம். ஊதினால் பறந்துவிடுவாள். குண்டசாலைப் பக்கம் தையல் பெக்டரியில் மெஷின் ஓட்டியவள். மூன்று வருஷத்துக்கு முன் கால் வீங்கியது, பிறகு முகம். பெரியாஸ்பத்திரியில் பார்த்தபோது சிறுநீரகம் இரண்டும் போயிருந்தன. அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போய் நாலு மணித்தியாலம் படுத்து இரத்தம் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். அந்த இரண்டு நாளும் என் ஓட்டோ வேறு வாடகைக்குப் போகாது. காலை ஆறு மணிக்கு லயத்துக்குக் கீழே நின்று ஹோன் அடிப்பேன். பனியில் அவள் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு மெதுவாக இறங்கி வருவாள்.

அவளுக்கு ஒருவர் சிறுநீரகம் கொடுத்தால் பிழைப்பாள். அம்மா உயிரோடு இல்லை. அண்ணனுக்குச் சீனி வியாதி. கேட்கக்கூடிய ஆட்களை எல்லாம் கேட்டாயிற்று. ஒருநாள் கணேஸ் யாரிடமும் சொல்லாமல் போய்த் தன் இரத்தத்தைக் கொடுத்துவிட்டு வந்தான். பொருந்துகிறது என்று வந்தது. புருஷனுக்குப் பெண்சாதி கொடுத்ததை இந்த மலையில் கேட்டிருக்கிறோம். பெண்சாதிக்குப் புருஷன் கொடுத்ததாக நான் கேட்டதில்லை. கடுகண்ணாவையிலிருந்து அவன் அக்கா நல்லம்மா வந்து இரண்டு நாள் இருந்து கத்திவிட்டுப் போனாள்.

"ஒழைக்கிற ஆம்பள ஒடம்புல கத்தி வைக்கிறதா? நாளைக்கு நீ படுத்துட்டா யாருடா பாக்குறது?"

"அக்கா, பிளேண்டிய குடி. ஆறுது," என்று பாலில்லாத தேத்தண்ணியை அவள் பக்கம் தள்ளினான் கணேஸ். அவ்வளவுதான் அவன் பதில்.

பேராதனையில் அவளைப் பார்க்கிற டொக்டர் கோசலா யாழ்ப்பாணத்துக்காரர். கோபப்படாமல் பேசுவார், ஆனால் ஒன்றையும் பூசி மெழுகமாட்டார். அன்றைக்கு நானும் நிஷாந்தினியின் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன்.

"எல்லா டெஸ்டும் சரி, கணேஸ். உங்கட நிறைதான் பிரச்சினை. இந்த நிறையோட உங்களை ஒப்பரேசனுக்கு எடுக்கேலாது. பன்னிரண்டு கிலோ குறையவேணும்."

"எத்தன நாளைக்குள்ளங்க டொக்டர்?"

"மெல்ல மெல்லக் குறைக்கிறதுதான் நல்லது. ஆனா இவவின்ர கையைப் பாருங்கோ. ரெண்டு கையிலயும் நரம்பு முடிஞ்சுது. இப்ப கழுத்தில குழாய் போட்டுத்தான் செய்யிறம். அது கனகாலம் நிக்காது. மூண்டு மாசத்துக்குள்ள செய்தா நல்லது."

"அதுக்கு மேல போனா?"

டொக்டர் நிஷாந்தினியைப் பார்த்தார். "போகாமப் பாப்பம். ஒரு நல்ல ஜிம்மாப் பாத்துச் சேருங்கோ. உங்களுக்குச் சரிவாற இடமாப் பாருங்கோ, கண்ட கண்ட இடத்தில சேரவேண்டாம்."

திரும்பி வரும்போது நிஷாந்தினி கேட்டாள். "பன்னெண்டு கிலோனா எம்புட்டுங்க?"

"அரை மூட மாவு," என்றான் கணேஸ். "ஒத்தக் கையில தூக்கிட்டுப் போவேன். எறக்கி வைக்கிறதுக்கு மூனு மாசம் எதுக்கு?"

அவள் சிரித்தாள். அவள் சிரித்து அப்போது ஒரு வருஷமாவது இருக்கும்.

முதலில் கண்டி டவுனில் ஒரு ஜிம்முக்குப் போனோம். மூன்றாம் மாடி. கண்ணாடிக் கதவைத் தள்ளினால் குளிர்காற்றும் பாட்டுச் சத்தமும் மூஞ்சியில் அடித்தன. கணேஸ் வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனான். அவனைப் பார்த்து நானும் கழற்றினேன். மேசையில் இருந்த பிள்ளை எங்கள் காலைப் பார்த்தது, பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் முகத்தைப் பார்த்தது. சப்பாத்து இல்லாமல் உள்ளே வரமுடியாது அங்கிள் என்று சிங்களத்தில் சொன்னது. கோயிலில் போட்டுக்கொண்டு போனால் ஏச்சு, இங்கே போடாமல் வந்தால் ஏச்சு.

சுவர் முழுக்கக் கண்ணாடி. கணேஸ் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன் வயிறு அவனைப் பார்த்தது. ஒரே இடத்தில் நின்று ஓடுகிற மெஷினில் பிள்ளைகள் காதில் வயரை மாட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். கைகட்டி நின்று ஐந்து நிமிஷம் பார்த்தான். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது சொன்னான்.

"சேதண்ணே, உள்ள இருக்கிறவங்க எல்லாம் ஏற்கனவே மெலிஞ்சவங்க. மெலிஞ்சவங்க எதுக்கு இங்க வர்றாங்க?"

"ஒன்னய மாதிரி ஆயிடக் கூடாதுன்னு வர்றாங்கடா."

"என்னால இந்தச் சட்டையோட அங்க நிக்க முடியாதுண்ணே. வேற பாப்போம்."

இரண்டாவது கட்டுகஸ்தோட்டையில். ஸிபான் என்ற முஸ்லிம் பொடியனுடையது. முப்பத்தைந்து வயதிருக்கும், உடற்பயிற்சியை முறையாகப் படித்துவிட்டு வந்தவன். பகலில் பெண்களுக்கு அவன் மனைவி றம்ஸியா சொல்லிக்கொடுப்பாள், பின்னேரம் ஆண்களுக்கு அவன். சின்ன இடம், சுத்தமாக இருந்தது. உள்ளே போனதும் மெஷினைக் காட்டவில்லை. கதிரையைப் போட்டு உட்கார வைத்தான்.

"இரிங்க நாநா. ஆஸ்பத்திரித் துண்டு ஏதும் இரிக்கா?" நாநா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன்.

கணேஸ் கொடுத்தான். ஸிபான் ஒரு எழுத்து விடாமல் படித்தான். பிரஷர் பார்த்தான். முழங்காலை மடக்கி நீட்டச் சொன்னான். கள்ளனை விசாரிப்பதுபோலக் கேள்வி கேட்டுக்கொண்டே போனான்.

"முந்தி என்ன வேல செஞ்சீங்க?"

"சந்தையில மூட்ட தூக்கினேன்."

"முதுகு வலி இரிக்கும்தானே?"

"அதெல்லாம் ஒன்னுமில்ல."

"வலிக்கு மாத்திர பாவிக்கிறீங்களா?"

"இல்ல."

கண் இமைக்காமல் சொன்னான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாத்திரை போடாத நாட்டாமை கண்டிச் சந்தையில் கிடையாது. விடிய நாலு மணிக்குப் பிளேண்டி, அதோடு ஒரு வலி மாத்திரை, பிறகுதான் முதல் மூட்டை. வலி வந்த பிறகு போடுவதில்லை, வரக்கூடாது என்று போடுவது. கொத்தன் கரண்டியை எடுத்துக்கொண்டு வருவதுபோல அவர்களுக்கு அது வேலைச் சாமான். கணேஸ் கதிரையில் உட்கார்ந்த பிறகும் இடுப்புப் பக்கம் நாரி பிடித்தால் ஒன்று போடுவான். அது எனக்குத் தெரியும். ஸிபானிடம் அதை நான் சொல்லியிருக்கலாம். அடுத்தவன் பேச்சில் எதற்கு மூக்கை நுழைப்பது என்று மேலே காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் முதல் பிழை அது.

"சரி நாநா," என்றான் ஸிபான். "மொத மாசம் சைக்கிள் மட்டும்தான். பொறகு கொஞ்சம் நடக்கணும். கனமான ஒன்டும் தூக்கத் தேவல்ல. தண்ணிப் போத்தல் ஒன்டு கொண்டு வாங்க, இடைக்கிடை குடிக்கணும். மாசத்துக்கு மூனு கிலோ கொறயும்."

"மூனா?"

"மூனு போதும். நீங்க பாடி காட்டப் போறல்லதானே. உள்ளுக்கு இரிக்கிறத்தப் பத்தரமாக் கொண்டுபோய்க் குடுக்கணும்."

இவ்வளவு தெளிவாகச் சொன்னான் அந்தப் பொடியன். இதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன சொல்வது?

மகாவலிப் பாலத்துக்கு இப்பால் தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினேன். மழை தூறியது. கணேஸ் தேத்தண்ணியைத் தொடவில்லை.

"நல்ல பய மாதிரித் தெரியுதுடா," என்றேன்.

"நல்லவன்தான்ணே. கணக்கப் பாருங்க. மாசம் மூனுனா நாலு மாசம். டொக்டரம்மா மூனுதான் சொல்லியிருக்காங்க. அவ கழுத்துக் கொழாய் இந்தச் சைக்கிளுக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?"

"ஒரு மாசம் முன்னப் பின்ன..."

"போன வெள்ளிக்கெழம கொழாய் அடைச்சிருச்சு. ரெண்டு மணி நேரம் அவ கத்துன கத்து எனக்குத்தான் தெரியும். நீங்க கீழ ஓட்டோவுல இருந்தீங்க." கோப்பையைத் தள்ளி வைத்தான். "சைக்கிள் மிதிக்கிறதுக்கு எனக்கு நேரமில்லண்ணே."

தேத்தண்ணிக்குக் காசைக் கொடுத்துவிட்டு ஓட்டோவை எடுத்தேன். 

மூன்றாவது இடம் பல்லேகலயில், பெக்டரிகளுக்குப் பின்னால். தகரக் கொட்டகை. கண்ணாடியும் இல்லை, காற்றாடியும் இல்லை. லொறி டயர், தண்டவாளத் துண்டு, மணல் அடைத்த மூட்டைகள். பெக்டரிப் பொடியன்கள் வேலை விட்டு வந்து வெற்றுக்காலோடு தூக்கிக்கொண்டிருந்தார்கள். நடத்துகிறவரை எல்லோரும் மாஸ்டர் என்றார்கள். சிங்களவர், ஐம்பது வயது, கழுத்து என்று ஒன்று அவருக்கு இல்லை. துண்டும் கேட்கவில்லை, பிரஷரும் பார்க்கவில்லை.

"எவ்வளவு இறக்கவேண்டும்?"

"பன்னிரண்டு."

"மூன்று மாதம் எதற்கு? இரண்டரை போதும். அழக்கூடாது, லீவு எடுக்கக்கூடாது. அதைத் தூக்கு, பார்ப்போம்."

ஐம்பது கிலோ மணல் மூட்டை அது. கணேஸ் குனிந்தான். ஆறு வருஷம் கழித்துத் தூக்குகிறான் என்று சொல்லவே முடியாது. மூட்டையின் இரண்டு காதையும் பிடித்து, முழங்காலில் ஒரு எத்து, தோளில் கிடந்தது. கொட்டகை முழுவதும் கைதட்டியது. மாஸ்டர் அவன் முதுகில் ஓங்கித் தட்டினார்.

கணேஸ் என்னைத் திரும்பிப் பார்த்தான். அப்படியொரு சந்தோஷம் அவன் முகத்தில். "அண்ணே, இதுதான் நமக்குத் தோதான எடம்," என்றான்.

நானும் தலையாட்டினேன். எனக்கும் அந்த இடம் பிடித்துத்தான் இருந்தது. செருப்பைப் பற்றிக் கேட்கவில்லை, நம் சிங்களத்தில் பிழை பிடிக்கவில்லை, நம்மை ஆளாக மதித்தார்கள். வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். என் இரண்டாவது பிழை.

அதற்குப் பிறகு அவன் பட்ட பாடு கொஞ்சமில்லை. விடிய ஆறு மணிக்கு ஸ்டோர். நாலரைக்குக் கடை மூடினதும் நான் ஏற்றிக்கொண்டு தென்னக்கும்புர வழியாகப் பல்லேகல போவேன். இரண்டு மணித்தியாலம் மூட்டையோடு கொட்டகையைச் சுற்றி ஓடுவான், டயரைப் புரட்டுவான். சோறு ஒரு பிடி, அவித்த முட்டை வெள்ளைக்கரு, உப்பில்லாத மரக்கறி. நிஷாந்தினிக்கும் அதே மரக்கறிதான். ஒருமுறை அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி அவிக்கவேண்டும், அப்படித்தான் அவள் சாப்பிடலாம். ஒரே சட்டியில் இரண்டு பேருக்கும் வேலை முடிகிறது என்று அவள் வேடிக்கையாகச் சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அரிசிக் கடைத் தராசில் ஏறி நிற்பான். மூட்டை நிறுக்கிற பெரிய தராசு. கடைப் பொடியன்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். தொண்ணூற்றொன்று. எண்பத்தெட்டரை. "கணேசண்ணே, அரிசி சிந்துது போல, மூட்டையத் தைங்க," என்று கேலி பண்ணுவார்கள். அவன் அப்படியே வீட்டுக்குப் போன் எடுத்து அவளிடம் சொல்வான்.

இரண்டாவது கிழமையே, இரண்டாம் வாரத்திலேயே, நாரியும் முழங்காலும் பிடித்துக்கொண்டன. "அண்ணே, டவுனுக்குப் போறப்ப அந்த மாத்திர ஒரு கார்ட் எடுத்துட்டு வாங்க," என்றான். எனக்குத் தெரிந்த பாமசியில் டொக்டர் துண்டு இல்லாமலே தருவார்கள். வாங்கிக் கொடுத்தேன். அடுத்த கிழமை இரண்டு கார்ட். பிறகு அவன் கேட்பதற்கு முன்னமே வாங்கி முன் பெட்டிக்குள் போட்டு வைத்தேன். கொட்டகை வாசலில் இறங்கும்போது ஒன்று, வீட்டுக்குப் போகும்போது ஒன்று, விடிய ஒன்று. மாத்திரை சிறுநீரகத்தை அடிக்கும் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் ஸிபான் கேட்டபோது அவன் பொய் சொன்னது தெரியும்தானே? எதற்காகக் கேட்டான் என்று யோசித்திருக்கலாம்தானே? இந்தக் கேள்வியோடுதான் நான் ஒவ்வொரு நாளும் ஸ்டாட் எடுக்கிறேன்.

வழியில் இளநீர்க் கடையில் நிறுத்துவேன். சட்டை பிழியப் பிழிய வேர்வையோடு வருகிறவன் வேண்டாம் என்பான்.

"ஒரு வாயாச்சும் குடிடா."

"வேணாண்ணே. பழகிருச்சு."

மெலிவதற்காகக் குடிக்காமல் விடுகிறான் என்று நினைத்தேன்.

நிஷாந்தினிக்கு ஒரு நாளைக்கு அறுநூறு மில்லி தண்ணீர்தான். தேத்தண்ணி, மருந்து முழுங்குவது எல்லாம் அதற்குள் அடக்கம். சோடாப் போத்தலில் நூல் கட்டி அளவு வைத்திருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை, பேராதனைப் பாலத்தில் வாகனம் நெருக்கி நின்றபோது பின்னாலிருந்து பேசினாள்.

"அண்ணே, ஒப்பரேசன் முடிஞ்சா மொத வேல என்னா செய்வேன் தெரியுமா?"

"கோயிலுக்குப் போவ."

"அது ரெண்டாவது. மேட்டு லயத்துப் பீலியில போயி ஒரு செம்பு தண்ணி புடிச்சு அண்ணாந்து குடிப்பேன். நெஞ்செல்லாம் நனையணும். இவரு பக்கத்துல நிப்பாரு."

"அவன் நின்னா நீ குடிக்கிறதுக்குத் தண்ணி மிஞ்சுமா?"

"இப்ப அவரப் பாருங்களேன்," என்றாள். "சட்டையெல்லாம் ரெண்டு இஞ்சு புடிச்சுத் தச்சிருக்கேன். கலியாணத்துல பாத்த மாதிரியே இருக்காரு." சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள்.

பதினோராவது கிழமை எண்பத்தொன்றரை. கடைக்காரப் பொடியன்கள் அவனைத் தராசோடு தூக்கப் பார்த்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் இரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை டொக்டர் கோசலா இரண்டு பேரையும் கூப்பிட்டார். நான் பையோடு வழக்கமான இடத்தில் நின்றேன்.

"கணேஸ், இடையில ஏதும் வருத்தம் வந்ததோ? காய்ச்சல், வயித்தோட்டம்?"

"ஒன்னுமில்லங்க. எம்பத்தொன்னரைக்கு வந்துட்டேன் டொக்டர்."

"நிறை சரி. இரத்தம் சரியில்லை." டொக்டர் தாளைத் திருப்பி அவன் பக்கம் வைத்தார். "போனமுறை எடுக்கேக்க உங்கட கிட்னி நல்லா வேலை செய்தது. இப்ப பாதிக்குக் கிட்டத்தான் செய்யுது. சிறுநீரில புரதமும் போகுது. என்ன செய்தனீங்கள்?"

"ஜிம்முக்குத்தான் போனேன்."

"மாத்திரை ஏதும்?"

கணேஸ் தரையைப் பார்த்தான். "ஒடம்பு வலிக்குப் போட்டேங்க."

"எத்தினை?"

"மூனு."

"கிழமைக்கோ?"

"ஒரு நாளைக்கு."

டொக்டர் அதைத் தாளில் குறித்துக்கொண்டார். "தண்ணி எவ்வளவு குடிச்சனீங்கள்?"

அவன் நிஷாந்தினியைப் பார்த்தான். பார்த்த பிறகும் சொல்லத் தயங்கினான்.

"சொல்லுங்கோ. நான் தெரிஞ்சுகொள்ள வேணும்."

"இவ குடிக்கிற அளவுதான் டொக்டர். நானும் ஒரு போத்தல்ல நூலு கட்டி வச்சிருந்தேன். ஸ்டோர்ல."

"ஏன் கணேஸ்? உங்களுக்கு ஆர் அப்பிடிச் சொன்னது?"

"யாரும் சொல்லலங்க. ஒருநாளு வேத்து விறுவிறுத்துப் போயி ரெண்டு செம்பு குடிச்சேன். இவ அடுப்படியில நின்னு என் தொண்டையையே பாத்துக்கிட்டு இருந்தா. அதுக்கப்பறம் எனக்கு எறங்கல. வெளிய குடிச்சாலும் களவெடுத்துக் குடிக்கிற மாதிரி இருந்துச்சு. வெரதம் மாதிரி இருந்துட்டுப் போவோமேன்னு..."

டொக்டர் பேனையை மூடி வைத்தார். நிஷாந்தினி அவனைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

ஜிம்மை நிறுத்து, மாத்திரையை நிறுத்து, தண்ணீர் குடி, ஒரு மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார்கள். அன்றைக்குப் போகும்போது நிஷாந்தினி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"மாத்திரைய யாரு வாங்கிக் குடுத்தா?"

"சந்தையில நானே வாங்குனேன்," என்றான் கணேஸ்.  ஹான்டிலைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன்.

அந்த ஒரு மாதமும் மழை. ஹந்தானைப் பக்கம் மலையே தெரியவில்லை. கணேஸ் தண்ணீர் குடித்தான், மருந்து குடிப்பதுபோல முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு குடித்தான். பக்கத்து லயத்து வடிவம்மா அக்கா நேர்ந்துகொண்டு வந்து இரண்டு பேருக்கும் திருநீறு பூசிவிட்டுப் போனாள். நிஷாந்தினியின் கழுத்துக் குழாயில் இரண்டு தரம் கிருமி பிடித்தது. குளிர் நடுக்கத்தில் ஓட்டோ இருக்கை முழுக்க ஆடும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒன்னுமில்லண்ணே, நீங்க போங்க," என்பாள்.

மாத முடிவில் பார்த்தார்கள். கொஞ்சம் தேறியிருந்தது. போதாது. ஸ்கேனும் எடுத்தார்கள்.

"இதெல்லாம் இந்த மூண்டு மாசத்தில வந்ததெண்டு சொல்லமாட்டன்," என்றார் டொக்டர் கோசலா. "பதினாறு வருசமாப் போட்ட மாத்திரை உள்ளுக்க கொஞ்சம் கொஞ்சமாத் திண்டிருக்கு. உடம்பு சமாளிச்சுக்கொண்டு இருந்தது. இந்த மூண்டு மாசம்தான் பிடிச்சுத் தள்ளிவிட்டது. இனி உங்களை எடுக்கேலாது, கணேஸ். இருக்கிறதை நீங்கள் காப்பாத்திக்கொள்ளவேணும். உங்களுக்கும் ஒரு கிளினிக் கொப்பி போட்டிருக்கிறன்."

"இன்னொரு தரம் பாக்க முடியாதாங்க? நான் சைக்கிள் மட்டும் மிதிக்கிறேன். மெல்லமா."

"இது நிறைப் பிரச்சினை இல்லை இப்ப."

"ஒன்னுல பாதியாச்சும் எடுத்து வைக்க முடியாதா டொக்டர்?"

படித்த மனுஷி, எத்தனை பேரைப் பார்த்தவர், அந்தக் கேள்விக்கு அவர் கண் கலங்கிப்போனது. இல்லை என்று தலையை மட்டும் அசைத்தார்.

ஓட்டோவுக்கு வந்தோம். நிஷாந்தினியின் கிளினிக் நோட்டுக் கொப்பியும் அவனுடையதும் ஒரே பைக்குள் இருந்தன. கெட்டம்பே தாண்டியதும் என்னால் தாங்க முடியவில்லை. ஓரமாக நிறுத்தினேன்.

"தங்கச்சி, அந்த மாத்திரைய வாங்கிக் குடுத்தது நான்தான். இவன் கேக்காமலே வாங்கி வச்சேன். சைக்கிள் ஜிம்முல மாத்திர போடுறியான்னு கேட்டாங்க. இவன் இல்லன்னான். நான் பேசாம இருந்தேன். என்னயச் செருப்பால அடி."

"தெரியும்ணே," என்றாள்.

"எப்பிடித் தெரியும்?"

"இவரு டவுனுக்கே போகலியே அந்த மூனு மாசமும். நீங்கதானே போவீங்க." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "நீங்க இல்லாட்டி வேற யாருகிட்டயாச்சும் வாங்கியிருப்பாரு. ஓட்டுங்கண்ணே, மழ வரப்போகுது."

ஸ்டாட் எடுத்தேன். கண்ணாடியில் இரண்டு பேரும் தெரிந்தார்கள். கணேஸ் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். பிடித்துத் தைத்த சட்டை அவனுக்கு மறுபடி இறுக்கமாகத் தொடங்கியிருந்தது. நிஷாந்தினி அவன் பக்கம் திரும்பினாள். வியாதி வந்த நாளிலிருந்து என் கண்முன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அன்றைக்கு அழுதாள்.

"எனக்குக் குடுக்கிறதுக்கு நீங்க இருந்தீங்க. நாளைக்கு ஒங்களுக்கு இந்த நெலம வந்தா, யாருங்க இருக்கா?"

கணேஸ் யோசிக்கவில்லை. வீட்டில் சாவி எங்கே என்று கேட்டால் சொல்வதுபோல உடனே சொன்னான்.

"நீ இருக்கல்ல."

சொன்ன பிறகுதான் யாரிடம் என்ன சொன்னோம் என்று அவனுக்குப் புரிந்தது. வாய் திறந்தபடி நின்றுவிட்டது. நிஷாந்தினி முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள்.

"ஆமா," என்றாள். "நான் இருக்கேன்."

நான் கண்ணாடியை மேலே திருப்பிவிட்டு, ஹந்தானை ஏற்றத்துக்கு கியரை மாற்றினேன்.